வெளிச்சுவருக்கு எந்தப் பூச்சு?

கேரள மாநிலத்தில் பாலக்காடு மாவட்டம். அதன் கிழக்கு எல்லையில் சித்தூர் வட்டம். அங்கே தமிழ் பேசும் மக்கள் நிறையப் பேர் வாழ்கிறார்கள்.

அங்கே ஒரு குடும்பம் புது வீடு கட்டுகிறது. கணவர் தென்னந்தோப்பில் வேலை செய்கிறார். மனைவி வீட்டிலேயே துணி தைக்கிறார். மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அடுத்த ஆண்டு அவள் நர்சிங் படிப்பில் சேர வேண்டும்.

வீட்டுக்குச் சுவர் எழும்பிவிட்டது. கான்கிரீட் கூரையும் போட்டாகிவிட்டது. உள்ளே பூச்சு வேலை முடிந்தது. தரையும் போட்டார்கள். வெளிச்சுவர் மட்டும் வெறும் செங்கல்லாக நிற்கிறது.

இது மார்ச் மாதம். ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் காற்று பலமாக வீசும். மழை சாய்ந்து வந்து சுவரில் அடிக்கும். அதற்குள் வெளிச்சுவருக்கு ஏதாவது செய்தாக வேண்டும்.

கையில் இருப்பது மனைவி கட்டிய சீட்டுப் பணம் மட்டும்.

“அண்ணா, நாலு பக்கமும் பூசி, நல்ல பெயிண்ட் அடிச்சுடலாங்களா?” என்று கணவர் மேஸ்திரியிடம் கேட்டார்.

மேஸ்திரி கணக்குப் போட்டார். சீட்டுப் பணம் முழுவதும் போய்விடும். அதற்கு மேலும் கடன் வாங்க வேண்டிவரும்.

மனைவிக்கு முகம் வாடியது. “புள்ளைக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வெச்சிருந்த பணமுங்க அது. பாதியாவது மிஞ்சோணும்” என்றார்.

“பூசாம விட்டா, வேலை முடியாத வீடுன்னு ஊர்ல பேசுவாங்க” என்றார் கணவர்.

மேஸ்திரி சிரித்தார். “ஊர் பேசறது இருக்கட்டும் தம்பி. சுவருக்கு என்ன வேணும்னு முதல்ல பார்க்கலாம்” என்றார்.

சுவருக்கு என்ன வேண்டும்? வீடு கட்டும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

வெளிப்பூச்சு எதற்கு?

வெளிப்பூச்சு அழகுக்கு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அழகும் ஒரு காரணம்தான். ஆனால் முதல் காரணம் தண்ணீர்.

செங்கல் தண்ணீரை உறிஞ்சும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள இடுக்கு வழியாகவும் தண்ணீர் நுழையும். சுவர் நனைந்தால் உள்ளே ஓதம் ஏறும். சுவரில் உப்புப் பூக்கும். பூச்சு உதிரும். துணி, அரிசி எல்லாம் பூசணம் பிடிக்கும். குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் இருமல், இளைப்பு அதிகமாகும். மின்சாரக் கம்பி போகும் சுவர் நனைந்தால் ஆபத்தும் உண்டு.

வெளிப்பூச்சு மழைநீரைத் தடுக்க வேண்டும். அதே சமயம், சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியே ஆவியாகிப் போகவும் வழி விட வேண்டும். இந்த இரண்டையும் செய்வதே நல்ல பூச்சு.

பூச்சுக்கு முன்னால் குடை

சட்டை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கொட்டும் மழையில் குடை வேண்டும். சுவருக்கும் அப்படித்தான். சுவரில் தண்ணீர் படாமல் செய்யும் வேலைகள் நான்கு உண்டு. அவற்றை முடித்த பிறகே பூச்சைப் பற்றி யோசிக்க வேண்டும்.

ஒன்று, கூரையின் நீட்டம். கூரை சுவருக்கு வெளியே ஒன்றரை அடி அல்லது இரண்டு அடி நீண்டிருந்தால் சுவரின் மேல்பகுதி நனையாது. ஜன்னல்களுக்கு மேலே சன்ஷேடு இருக்க வேண்டும்.

இரண்டு, தண்ணீர் சொட்டும் காடி. சன்ஷேடின் மேலே விழும் தண்ணீர் ஓரத்தில் வழியும். பிறகு அடிப்பக்கமாக ஊர்ந்து சுவருக்கு வந்துவிடும். இதைத் தடுக்க, சன்ஷேடின் அடிப்பக்க ஓரத்தில் பென்சில் கனத்துக்கு ஒரு காடி போட வேண்டும். தண்ணீர் அந்தக் காடியைத் தாண்டாது. அங்கேயே சொட்டிவிடும். பூசும்போதே இதைப் போட்டால் செலவு மிகக் குறைவு.

மூன்று, கூரைத் தண்ணீர். மொட்டை மாடியில் தண்ணீர் தேங்கக் கூடாது. தண்ணீர் வடியும் குழாய் சுவரை ஒட்டி முடியக் கூடாது. வெளியே நீண்டிருக்க வேண்டும். அல்லது தரை வரை குழாய் இறக்க வேண்டும்.

நான்கு, சுவரின் அடிப்பகுதி. மழைத்துளி தரையில் மோதித் தெறிக்கும். அதனால் கீழே ஒன்றரை அடி உயரம் வரை சுவர் அதிகம் நனையும். அந்த இடத்தைக் கெட்டியான கலவையால் பூச வேண்டும். வீட்டைச் சுற்றி இரண்டு அடி அகலத்துக்குத் தளம் போட வேண்டும். தளம் வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும்.

இந்த நான்கும் இல்லாத சுவரில் எந்த விலை உயர்ந்த பெயிண்டும் நிற்காது. இவை இருந்தால் மலிவான பூச்சும் பல ஆண்டுகள் தாங்கும்.

எந்த ஊர், எந்தச் சுவர்?

இந்தியா முழுவதற்கும் ஒரே பூச்சு பொருந்தாது. மேற்கு ராஜஸ்தானில் ஓர் ஆண்டில் பெய்யும் மழை சராசரியாகச் சுமார் 300 மில்லிமீட்டர். கேரளத்தில் சுமார் 3,000 மில்லிமீட்டர். பத்து மடங்கு வித்தியாசம்.

அதனால்தான் ஒவ்வொரு ஊரிலும் மக்கள் ஒவ்வொரு வழியைக் கண்டார்கள். குஜராத்தின் கட்ச் பகுதியில் மழை குறைவு. அங்கே மண்சுவர் வீடுகளுக்கு மண்ணும் சாணமும் கலந்து பூசுவார்கள். அஸ்ஸாமில் மழை மிக அதிகம். அங்கே பழைய வகை வீடுகளில் நாணல் தட்டியின் மேல் பூச்சு இருக்கும். அதைக் காப்பாற்றச் சாய்வான கூரை வெளியே நீண்டிருக்கும். லடாக்கில் மழை மிகக் குறைவு. அங்கே மண்கல் சுவருக்குச் சுண்ணாம்பு வெள்ளை அடிப்பார்கள்.

சுவர் எதனால் ஆனது என்பதையும் பார்க்க வேண்டும்.

நன்றாக வெந்த செங்கல் என்றால் பூசாமலும் விடலாம். சரியாக வேகாத செங்கல் என்றால் கட்டாயம் பூச வேண்டும்.

கேரளத்திலும் கொங்கணத்திலும் வெட்டுக்கல்லால் கட்டுகிறார்கள். கெட்டியான வெட்டுக்கல்லுக்கு இடுக்குகளை மட்டும் பூசினால் போதும். ஓட்டை நிறைந்த, மென்மையான கல்லுக்கு முழுப் பூச்சு தேவை.

சிமெண்ட் ஹாலோ பிளாக் சுவர் மழையில் தண்ணீரை உறிஞ்சும். மழை அடிக்கும் பக்கத்தில் அதைப் பூச வேண்டும்.

மண்சுவர் என்றால் கவனம் தேவை. மண்சுவர் மேல் கெட்டியான சிமெண்ட் பூசக் கூடாது. மண் ஒரு விதமாக விரிந்து சுருங்கும். சிமெண்ட் வேறு விதமாக விரிந்து சுருங்கும். நாளடைவில் சிமெண்ட் தகடுபோல் பிரிந்து நிற்கும். உள்ளே புகுந்த தண்ணீர் வெளியே வராது. மண்சுவருக்கு மண்பூச்சும் சுண்ணாம்பும்தான் ஏற்றவை. ரூர்க்கி நகரில் மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. மழையில் கரையாத மண்பூச்சு ஒன்றை அந்த நிறுவனம் உருவாக்கியது. மண்ணோடு வைக்கோல் தூளும், மண்ணெண்ணெயில் இளக்கிய தாரும் சேர்த்துச் செய்யும் பூச்சு அது.

பூசாத செங்கல் சுவர்

“பூசாத சுவர் ஏழை வீட்டுச் சுவர்” என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை.

லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர் 1917-இல் இங்கிலாந்தில் பிறந்தார். இந்தியாவுக்கு வந்து, கேரளத்தில் பல ஆண்டுகள் வாழ்ந்தார். செலவு குறைந்த வீடுகள் கட்டுவதையே தம் வேலையாகக் கொண்டார். அவர் கட்டிய பல வீடுகளில் செங்கல் சுவர்களுக்கு வெளிப்பூச்சு இல்லை. திருவனந்தபுரம் உள்ளூரில் உள்ள வளர்ச்சி ஆய்வு மையத்தின் கட்டடங்களையும் அவர் பூசாத செங்கல்லில்தான் கட்டினார். மழை மிகுந்த கேரளத்தில் அவை இன்றும் நிற்கின்றன. இந்திய அரசு 1990-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. அவர் 2007-இல் காலமானார்.

பூசாமல் விட்டால் என்ன லாபம்? பூச்சுச் செலவு இல்லை. பெயிண்ட் செலவும் இல்லை. ஒருமுறை பெயிண்ட் அடித்தால், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் மீண்டும் அடிக்க வேண்டும். செங்கல் சுவருக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஆனால் செங்கல் நல்லதாக இருக்க வேண்டும். அதைச் சோதிக்கச் சுலபமான வழிகள் உண்டு.

இரண்டு செங்கற்களைத் தட்டிப் பார்க்க வேண்டும். ‘டங்’ என்று மணிபோல் ஒலிக்க வேண்டும். ‘தட்’ என்று மந்தமாக ஒலித்தால் சரியாக வேகவில்லை.

நகத்தால் கீறிப் பார்க்க வேண்டும். கோடு விழக் கூடாது.

செங்கல்லை எடை போட்டு, ஒரு நாள் முழுவதும் தண்ணீரில் ஊறவிட வேண்டும். பிறகு துடைத்து மீண்டும் எடை போட வேண்டும். எடை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடக் கூடாது. அதாவது 3 கிலோ செங்கல் ஊறிய பிறகு 3 கிலோ 600 கிராமுக்கு மேல் போகக் கூடாது.

நல்ல செங்கல்லாக இருந்தாலும் இடுக்குகளைப் பூச வேண்டும். இதைப் பாயிண்டிங் என்பார்கள். சுவர் கட்டும்போதே, அன்றன்று மாலையில், இடுக்குகளை அரை அங்குல ஆழத்துக்குச் சுரண்டி வைக்க வேண்டும். பிறகு தூசி தட்டி, நனைத்து, 1 பங்கு சிமெண்டுக்கு 3 பங்கு மணல் கலந்து இடுக்கை அழுத்தி நிரப்ப வேண்டும். இடுக்கின் அடியில் திண்ணைபோல் விளிம்பு நிற்கக் கூடாது. நின்றால் தண்ணீர் அங்கே தங்கும்.

சிமெண்ட் பூச்சு

செங்கல் சரியில்லை என்றாலும், மழை பலமாக அடிக்கும் பக்கம் என்றாலும் சிமெண்ட் பூச்சு நல்லது.

வெளிச்சுவருக்கு 1 பங்கு சிமெண்டுக்கு 5 அல்லது 6 பங்கு மணல் போதும். தரையை ஒட்டிய அடிப்பகுதிக்கு மட்டும் 4 பங்கு மணல். “சிமெண்ட் அதிகம் போட்டால் பலம் அதிகம்” என்று நினைப்பது தவறு. சிமெண்ட் அதிகமானால் பூச்சு சுருங்கி, முடிபோல் வெடிப்பு விடும். வெடிப்பு வழியே தண்ணீர் நுழையும்.

மணலில் மண் கலந்திருக்கக் கூடாது. ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதி அளவு மணல் போட்டு, முக்கால் பாட்டில் வரை தண்ணீரும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துக் குலுக்க வேண்டும். மூன்று மணி நேரம் அசையாமல் வைக்க வேண்டும். மணல் கீழே தங்கும். வண்டல் அதன் மேலே படியும். மணல் 10 சென்டிமீட்டர் உயரம் இருந்தால் வண்டல் 8 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. எம்-சாண்ட் வாங்கினால் பூச்சு வேலைக்கு உரிய பொடி ரகத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.

பூசுவதற்கு முன் சுவரை நனைக்க வேண்டும். உலர்ந்த செங்கல் கலவையில் உள்ள தண்ணீரைக் குடித்துவிடும். தண்ணீர் ஊற்றிய கலவையை அரை மணி நேரத்துக்குள் பூசி முடிக்க வேண்டும். விறைத்துப்போன கலவையில் மறுபடி தண்ணீர் ஊற்றிப் பூசக் கூடாது.

பூசிய மறுநாள் முதல் குறைந்தது 7 நாள் சுவரை நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். வெயில் காலத்தில் 10 நாள் நனைப்பது நல்லது. இந்த வேலைக்குப் பணம் தேவையில்லை. கவனம்தான் தேவை. பல வீடுகளில் பூச்சு கெடுவதற்குக் காரணம் இந்த நனைப்பை விட்டுவிடுவதுதான்.

மூன்று வகை நிறம்

பூசிய சுவருக்கு நிறம் அடிக்க மூன்று வழிகள் வழக்கத்தில் உண்டு.

முதல் வழி சுண்ணாம்பு. இதுதான் மலிவு. சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் தாளித்து, ஒரு நாளாவது ஊறவிட்டு, துணியில் வடிகட்ட வேண்டும். ஒட்டுவதற்குப் பசையும், வெண்மைக்குச் சிறிது நீலமும் சேர்ப்பார்கள். மூன்று முறை அடிக்க வேண்டும். சுண்ணாம்பு சுவரின் ஈரத்தை வெளியே விடும். வெயிலைத் திருப்பி அனுப்பி வீட்டைக் குளிர்ச்சியாக வைக்கும். ஆனால் மழை அடிக்கும் பக்கத்தில் ஓரிரு ஆண்டுகளில் கரைந்துவிடும்.

சுண்ணாம்பைத் தாளிக்கும்போது தண்ணீர் கொதிக்கும். பிளாஸ்டிக் வாளி உருகிவிடும். இரும்பு டிரம்மில்தான் தாளிக்க வேண்டும். குழந்தைகளை அருகில் விடக் கூடாது. கண்ணில் பட்டால் பார்வையே போய்விடலாம். பட்டுவிட்டால் உடனே நிறையத் தண்ணீரால் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இரண்டாவது வழி சிமெண்ட் பெயிண்ட். இது பொடியாகக் கிடைக்கும். தண்ணீரில் கலந்து இரண்டு முறை அடிக்க வேண்டும். இதிலும் சிமெண்ட் இருக்கிறது. அதனால் அடிப்பதற்கு முன்பும் சுவரை நனைக்க வேண்டும். அடித்த பிறகும் இரண்டு மூன்று நாள் தண்ணீர் தெளிக்க வேண்டும். கலந்ததை ஒரு மணி நேரத்துக்குள் அடித்துவிட வேண்டும். பழைய சுண்ணாம்பின் மேல் இது பிடிக்காது. சுண்ணாம்பை முழுவதும் சுரண்ட வேண்டும். சாதாரணமாக மூன்று நான்கு ஆண்டுகள் தாங்கும்.

மூன்றாவது வழி வெளிப்புற எமல்ஷன். இதுதான் விலை அதிகம். பார்க்க அழகு. நல்ல ரகம் ஐந்து ஆண்டுக்கு மேலும் தாங்கும். ஆனால் புதுப் பூச்சு நன்றாகக் காய வேண்டும். பூசி நான்கு வாரமாவது ஆன பிறகே அடிக்கலாம். முதலில் பிரைமர், பிறகு இரண்டு முறை எமல்ஷன். ஈரச் சுவரில் அடித்தால் கொப்புளம் போட்டு உரியும். வீட்டுக்குள் அடிக்கும் எமல்ஷனையும் புட்டியையும் வெளியே பயன்படுத்தக் கூடாது.

எந்தப் பெயிண்ட் வாங்கினாலும் டப்பாவில் ஈயம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க வேண்டும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ளது.

டைல்ஸும் கல்லும் பதிப்பது இவற்றைவிடச் செலவு கூடியது. ஓதம் உள்ள சுவரில் டைல்ஸ் பதித்தால் ஓதம் மறையும். போகாது.

பரப்பளவைக் கணக்கிடுவது எப்படி?

கடைக்குப் போகும் முன் சுவரின் பரப்பளவு தெரிய வேண்டும். சித்தூர் வீட்டில் மேஸ்திரி போட்ட கணக்கைப் பார்க்கலாம்.

வீட்டின் நீளம் 25 அடி. அகலம் 20 அடி. நான்கு பக்கமும் கூட்டினால் 90 அடி. சுவரின் உயரம் 10 அடி. 90-ஐ 10-ஆல் பெருக்கினால் 900 சதுர அடி.

இதில் கதவும் ஜன்னலும் கழிய வேண்டும். கதவு 2. ஒவ்வொன்றும் 7 அடி உயரம், 3 அடி அகலம். இரண்டும் சேர்ந்து 42 சதுர அடி. ஜன்னல் 5. ஒவ்வொன்றும் 4 அடிக்கு 3 அடி. ஐந்தும் சேர்ந்து 60 சதுர அடி. மொத்தம் 102. இதை 900-இல் கழித்தால் மீதி 798. சுமார் 800 சதுர அடி.

அரை அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலான கனத்தில் 100 சதுர அடி பூசச் சுமார் ஒரு மூட்டை சிமெண்ட் ஆகும். 800 சதுர அடிக்கு 8 மூட்டை. எமல்ஷன் ஒரு லிட்டரில் 50 சதுர அடி அளவுக்கு இரண்டு முறை அடிக்கலாம். 800 சதுர அடிக்கு 16 லிட்டர். இத்துடன் மணல், பிரைமர், சாரம் கட்டும் செலவு, கொத்தனார் கூலி, சித்தாள் கூலி எல்லாம் சேரும்.

பத்து ஆண்டுக் கணக்கு

இன்றைய செலவை மட்டும் பார்க்கக் கூடாது. பத்து ஆண்டுச் செலவைப் பார்க்க வேண்டும்.

கணக்குப் புரிவதற்காக ஓர் உதாரணம். ஒரு வேலைக்கு ஒருமுறை 4,000 ரூபாய் ஆகிறது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டும். பத்து ஆண்டில் 5 முறை. மொத்தம் 20,000 ரூபாய். இன்னொரு வேலைக்கு ஒருமுறை 15,000 ரூபாய். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை செய்தால் போதும். பத்து ஆண்டில் 2 முறை. மொத்தம் 30,000 ரூபாய்.

விலையும் கூலியும் ஊருக்கு ஊர் மாறும். அவரவர் ஊர் விலையைப் போட்டு இப்படிக் கணக்கிட வேண்டும். வீட்டாரே செய்துகொள்ளக் கூடிய வேலை எது என்பதையும் பார்க்க வேண்டும். சுண்ணாம்பு அடிக்கும் கூலி மிச்சமானால் கணக்கு மாறிவிடும்.

சித்தூர் வீட்டில் எடுத்த முடிவு

மேஸ்திரி மூன்று பேரையும் அழைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தார். ஒவ்வொரு சுவரையும் தட்டிப் பார்த்தார்.

கிழக்குச் சுவரும் வடக்குச் சுவரும் நன்றாக ஒலித்தன. அந்தச் சூளைக் கல் இரண்டு மிச்சம் இருந்தது. மகள் அவற்றை ஒரு நாள் ஊறவைத்து எடை போட்டாள். 3 கிலோ கல் 3 கிலோ 450 கிராம் ஆகியிருந்தது.

“ஆறுக்கு உள்ளதான்பா இருக்கு. பாஸ்” என்றாள் மகள்.

தெற்குச் சுவர் வேறு சூளைக் கல். நிறம் வெளுத்திருந்தது. நகத்தால் கீறினால் கோடு விழுந்தது. மேற்குச் சுவரில் கல் நல்லதுதான். ஆனால் மழை நேராக அடிக்கும் பக்கம் அது.

“மேற்கையும் தெற்கையும் பூசலாம் தம்பி. ரெண்டும் சேர்ந்து 400 சதுர அடிதான். 4 மூட்டை சிமெண்ட் போதும். கிழக்குக்கும் வடக்குக்கும் பாயிண்டிங் செய்யலாம். கட்டும்போதே இடுக்கைச் சுரண்டி வெச்சிருக்கேன்” என்றார் மேஸ்திரி.

“பூசின சுவருக்குப் பெயிண்டுங்க?” என்று கணவர் கேட்டார்.

“சிமெண்ட் பெயிண்ட் அடிப்போம். மிச்சமாகற பணத்துல மேற்கு ஜன்னலுக்குச் சன்ஷேடு வெச்சுக்கலாம். அங்க இப்ப இல்லை. சுத்தித் தளமும் போட்டுடலாம்” என்றார் மேஸ்திரி.

கணவர் இன்னும் தயங்கினார். அவருடைய கண் எதிர்வீட்டின் மேல் போனது. இரண்டு ஆண்டுக்கு முன் நல்ல எமல்ஷன் அடித்த வீடு அது. அதன் மேற்குச் சுவரில் அடிப்பகுதி முழுவதும் உரிந்து தொங்கியது. சன்ஷேடுக்குக் கீழே கறுப்பாகப் பாசி இறங்கியிருந்தது.

“அங்க பெயிண்ட் நல்ல பெயிண்டுதான். பூச்சு காயறதுக்கு முன்னாடி அடிச்சுட்டாங்க. சன்ஷேடுல காடியும் போடலை” என்றார் மேஸ்திரி.

“ஏனுங்க, நம்ம வீடு உள்ள காய்ஞ்சு இருந்தாப் போதுங்க. புள்ளையும் படிச்சுரோணும்” என்றார் மனைவி.

கணவர் தலையசைத்தார்.

ஏப்ரல் மாதம் வேலை நடந்தது. பத்து நாள் காலையும் மாலையும் மனைவியும் மகளும் பூச்சை நனைத்தார்கள். பிறகு சிமெண்ட் பெயிண்ட் அடித்தார்கள். முன்பக்கச் செங்கல் சுவரில் இடுக்குகள் நூல் பிடித்ததுபோல் நேராக அமைந்தன. ஜன்னல்களைச் சுற்றி மட்டும் வெள்ளைக் கரை கொடுத்தார்கள். வேலை முடியாத வீடு என்று யாருக்கும் சொல்லத் தோன்றவில்லை.

ஜூன் மாதம் மழை வந்தது. மேற்குக் காற்றோடு ஒரு வாரம் விடாமல் அடித்தது. மழை விட்ட அன்று மேஸ்திரி வந்தார். உள்ளே மேற்குச் சுவரில் கையை வைத்துப் பார்த்தார். சுவர் காய்ந்திருந்தது.

சீட்டுப் பணத்தில் மீதி இருந்தது மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குப் போனது.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. முதலில் தண்ணீரைத் தடுக்க வேண்டும். நிறம் அதற்குப் பிறகுதான்.

2. கூரை நீட்டம், சன்ஷேடு, காடி, சுற்றுத் தளம் ஆகியவற்றில் பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாது.

3. நான்கு சுவருக்கும் ஒரே பூச்சு தேவையில்லை. மழை அடிக்கும் பக்கம், செங்கல்லின் தரம் இரண்டையும் பார்த்து முடிவு செய்யலாம்.

4. நல்ல செங்கல்லைப் பூசாமல் விடலாம். இடுக்குகளை மட்டும் பூச வேண்டும்.

5. மண்சுவர் மேல் கெட்டியான சிமெண்ட் பூசக் கூடாது.

6. சிமெண்ட் பூச்சைக் குறைந்தது 7 நாள் நனைக்க வேண்டும்.

7. எமல்ஷன் அடிப்பதற்கு முன் புதுப் பூச்சு நான்கு வாரம் காய வேண்டும்.

8. பரப்பளவை அளந்து, பத்து ஆண்டுச் செலவைக் கணக்கிட்ட பிறகு கடைக்குப் போக வேண்டும்.

பயிற்சி

உங்கள் வீட்டின் நான்கு சுவர்களையும் அளந்து, வெளிச்சுவரின் பரப்பளவைக் கணக்கிடுங்கள்.

உங்கள் ஊரில் மழை எந்தத் திசையிலிருந்து அடிக்கிறது? அந்தப் பக்கத்துச் சுவர் இப்போது எப்படி இருக்கிறது? பார்த்து எழுதுங்கள்.